வெளியூர்ப் போட்டியும் சிறுவர் பிரயாணமும்

நிலாவெளிச் சிறுவன் ஒருவனைக் கொழும்புச் சுகததாச விளையாட்டரங்கில் ஓடச் செய்வதற்கு அழைத்துச் செல்வோர், அவனது ஓட்டம் வீட்டு வாயிலிலேயே தொடங்கிவிடுகின்றது என்பதை அறிதல் வேண்டும். முதலில் திருகோணமலை, பின்னர் 1927இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையிற் கல்லோயாச் சந்தி, மாகோ வழியாக ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இரவு முழுவதும் இருந்தபடி வரும் பிள்ளையின் கால்கள் விறைக்கும். உறக்கமின்மையால் வெடியோசை கேட்டுப் புறப்படும் விரைவும் குறையும். நூறு மீற்றர் ஓட்டத்திலோ நொடியின் பத்திலொரு பங்கே வெற்றி தோல்வியை வகுத்துவிடும். ஆதலின் ஒரு நாள் முன்னதாகச் சேர்தலே நன்று. பணமில்லை என்பர், கேடயம் வழங்குவதிற் பழைய மாணவர் காட்டும் ஊக்கத்தைத் தங்கும் இரவொன்றின் செலவிலுங் காட்டலாகாதா?

உணவிற் புதுமை வேண்டா. இடியப்பத்திற்குப் பழகிய வயிறு கடைக் கொத்துரொட்டியைப் போட்டி நாளன்று ஏற்காது. தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாக நீர் அருந்துவித்தல் வேண்டும். வழியில் மலசலகூட வசதி இராதென அஞ்சிப் பெண்பிள்ளைகள் நீரையே தவிர்ப்பதுண்டு. இதனை ஆண் ஆசிரியரிடம் வாய்திறந்து சொல்லார். ஆசிரியை ஒருவரேனும் உடன் செல்லாவிடிற் பல தாய்மார் மகளை அனுப்பவும் இசையார். அவளது திறமை ஊரெல்லையிலேயே நின்றுவிடும்.

பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஆசிரியர் கையில் இருக்கட்டும். வயதுப் பிரிவை நிலைநாட்ட இயலாதவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதே.

யாழ்ப்பாணமுங் கொழும்புக்கு அண்மையதன்று. எனினும் யாழ். மத்திய கல்லூரி ஈன்ற எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டினார்.

திரும்பும் நேரத்தையும் பெற்றோருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். அகாலத்திற் திருகோணமலையில் இறங்கும் பிள்ளைக்கு நிலாவெளி இன்னும் ஏறக்குறைய 16 கிலோமீற்றர்.