விசையும் எழுத்தும்

தொலைவிலுள்ள கணினியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் செயலியை ஆக்குவோர், விசைப்பலகையிற் பிறப்பது எழுத்தன்று, விசையின் இடங்குறிக்கும் எண்ணே என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். 16 என்னும் எண்ணுடைய விசை ஆங்கில அமைப்பிற் 'கியூ'. பிரெஞ்சு அமைப்பில் 'ஏ'. ஆர்.டி.பி. நெறிமுறை பெரும்பாலும் இவ்வெண்ணையே அனுப்பும். அதனை எழுத்தாக்குவது சேய்மைக் கணினியின் தொழில். ஈரிடத்து அமைப்பும் ஒவ்வாவிடின் கடவுச்சொல்லே பிழைபடும். அச்சொல் திரையிற் புள்ளிகளாய் மறைந்து நிற்றலின் பிழையும் புலனாகாது! வி.என்.சி. கையாளும் ஆர்.எப்.பி. நெறிமுறையோ எழுத்துக்குரிய குறியெண்ணையே அனுப்பும்; சிறிய 'ஏ'க்கு அது 97.

இவற்றினும் நுண்ணியது விசையை விடுத்தல். 'ஆல்ட்' விசையை அழுத்தியவாறே ஒருவர் வேறு சாளரத்துக்குச் செல்வாராயின், அதை விடுத்த செய்தி சேய்மைக்கு எட்டாது. அங்கே அது அழுந்தியே கிடக்க, பின்னர்த் தட்டும் எழுத்துக்கள் கட்டளைகளாகத் திரியும். ஆதலின், தன் சாளரம் பின்னொதுங்கும் கணத்திலேயே அழுந்திய விசையனைத்தும் விடுபட்டனவெனச் செயலி அறிவித்தல் வேண்டும்.