மரக்காணம் காற்றும் பட்டறை கேரியரும்

ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் டிசம்பர் வந்தால் பைக்குகள் கொட்டகைக்குள் முடங்கிவிடும். சாலையில் பனி உறையாமலிருக்க லாரி லாரியாக உப்பைத் தூவுவார்கள். அது இரும்பைத் தின்னும் என்பதால் வண்டியை வெளியே எடுக்காமல், பெட்டி மாட்டும் சட்டம், எஞ்சினுக்கு அடித்தகடு என்று எதையாவது கையால் செய்துகொண்டிருப்பார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நெடும்பயணத்துக்கு ஏற்ற பருவமே மார்கழியும் தையும்தான். அதற்கு முந்தைய அடைமழையில், உப்பளங்கள் ஓய்ந்திருக்கும்போதே, புல்லட்டுக்குக் கேரியர் அடித்து முடித்துவிட வேண்டும். மரக்காணத்தில் உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை. சாலையே பாத்திகளுக்கு நடுவில்தான் போகிறது.

பட்டறையில் எழும் முதல் கேள்வி, எத்தனை கிலோ தாங்கும் என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கரையில் பாரத்தை முந்திக்கொண்டு துரு வந்துவிடும்.

காரணம் உப்பின் தாகம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். கடலோரத்தில் அதைவிடக் காய்ந்த காற்று அபூர்வம். ஆகவே மத்தியான வெயிலில் உலர்ந்ததுபோலத் தெரியும் வண்டியின் மேல், கண்ணுக்குப் படாத உப்புநீர்ப் படலம் அப்படியே இருக்கும். இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான மின்வேதி வினைக்கு அந்தப் படலம் தாராளம்.

வீட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் தோற்பது உலோகங்களை ஜோடி சேர்ப்பதில். ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவெட்டால் அடித்தால், உப்புநீரில் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். கரைவது அலுமினியம்; அதுவும் சின்ன ரிவெட், பெரிய தகடு என்றால் அரிப்பு முழுவதும் அந்தச் சின்னதின் தலையில்தான் விழும். அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று மாற்றிப் போட்டால் சேதம் குறையும். நடுவே நைலான் வாஷர் வைத்தால் இன்னும் நல்லது. போல்ட் வாங்கும்போது 304 ரகத்துக்குப் பதில் 316 கேட்கலாம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. குளோரைடை எதிர்த்து நிற்க அது உதவும். விலை கூடுதல்தான்.

இதே பேட்டரியை நன்மைக்கும் திருப்பலாம். 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்துச் செம்பைக் காப்பாற்றினார். செம்பு கரையாததால் அதன் நஞ்சும் கடலில் கலக்கவில்லை. கப்பலடியில் சிப்பிகள் குஷியாக ஒட்டிக்கொண்டன, திட்டம் கைவிடப்பட்டது! தத்துவம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு, கீறல் விழுந்த இடத்திலும் இரும்புக்காகத் தானே கரைகிறது.

வெல்டிங் வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும் என்பது இதிலுள்ள வில்லங்கம். கிளம்பும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஆகவே பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவைத்து, பிறகு துத்தநாகம் செறிந்த பெயின்ட் அடிக்க வேண்டும். பைப் முனைகளையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளப்பு, உள்ளே துரு. காரைக்குடியிலுள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகங்களைப் பல காலமாக உப்புக் காற்றில் வைத்துச் சோதிக்கிறது. இந்தக் கரையின் காற்று ஆராய்ச்சிக்கே உரிய எதிரி.

சட்டமும் கவனிக்கிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வைத்தது, சிறைக்கும் இடமுண்டு. சட்டகத்தை அறுக்காமல், ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் கழற்றி மாட்டும்படி கேரியர் செய்வது புத்திசாலித்தனம். அப்படிக் கழற்ற முடிந்தால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மூட்டுகளின் இடுக்கில் தங்கிய உப்பை நல்ல தண்ணீரால் கழுவவும் முடியும்.