பரண் மேல ஒரு ஸ்டூடியோ!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு? பித்தளை அண்டா, உடைஞ்ச தொட்டில், அக்காவோட பழைய பிராக்டிக்கல் நோட்டு... அதுக்குப் பின்னால கையை விட்டுத் துழாவுங்க. சிங்கப்பூர் மாமாவோ துபாய் சித்தப்பாவோ கொண்டுவந்த டேப்ரெக்கார்டர் தட்டுப்படும். கூடவே ஒரு ஷூ டப்பா நிறைய கேசட். ‘பழைய இரும்புக்குப் போட்டுரலாம்’னு அம்மா பல வருஷமா சொல்லிட்டே இருப்பாங்க. போட்டுடாதீங்க பாஸ்! ஒரு வீட்டு ஸ்டூடியோவுக்கான ஆரம்பம் அங்கதான் இருக்கு.

“போன்லயே ரெக்கார்டு பண்ணலாமே, இந்தக் கழுதைப் பொதி எதுக்கு?”னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. பதிலுக்கு முன்னாடி ரெண்டு கதை.

தண்ணிக்குத் தப்பின பெட்டி

1963-ல பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில கேசட்டை அறிமுகப்படுத்துச்சு. அதே 1963-லதான் நம்ம திருநெல்வேலி வானொலி நிலையமும் வந்துச்சு. அன்னிக்கு ரேடியோ ஸ்டேஷன்ல ஓடினது பெரிய பெரிய ஸ்பூல் டேப். கேசட்டோ சட்டைப் பைக்குள்ள அடங்கும். உள்ள இருக்கிற டேப்போட அகலம் வெறும் 3.81 மில்லிமீட்டர், ஓடுற வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ‘இதுல பாட்டு கேக்கலாம், பாட்டு உருவாக்க முடியாது’னுதான் ரொம்ப பேர் நினைச்சாங்க.

1979-ல டாஸ்காம் கம்பெனி ‘போர்ட்டாஸ்டூடியோ 144’னு ஒரு மெஷினை இறக்குச்சு. சாதாரண கேசட்தான். ஆனா இரட்டை வேகத்துல ஓடும், நாலு டிராக்ல தனித்தனியாப் பதியும். கிடாரை முதல்ல வாசிச்சுட்டு, அதைக் கேட்டுக்கிட்டே மேல பாடலாம். ஸ்டூடியோ வாடகை கிடையாது.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில, நியூஜெர்சியில வாடகை வீட்டு பெட்ரூம்ல இந்த மெஷினை வச்சு, மாதிரிக்காகத்தான் பாடிப் பார்த்தார். அதை மிக்ஸ் பண்ணி இறக்கினது, தண்ணியில நனைஞ்சு செத்துப் பிழைச்ச ஒரு பானாசோனிக் பெட்டியில! அப்புறம் பெரிய ஸ்டூடியோவுல தன் குழுவோட அதே பாட்டுகளைப் பதிஞ்சு பார்த்தார். அந்த ஃபீல் வரவே இல்ல. கடைசியில பாக்கெட்ல சுத்திக்கிட்டிருந்த கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ங்கிற ஆல்பமா வெளியிட்டாங்க. அந்தக் கதை 2025-ல சினிமாவாவே வந்துடுச்சு.

நம்ம ஆள் கதைக்கு வாங்க. 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டுப் பின்பக்கம் ஏ.ஆர்.ரஹ்மான் ஸ்டூடியோ கட்டினார். ஏசி ரெடி, கார்ப்பெட் ரெடி, உள்ள வைக்க மெஷின்தான் இல்ல! அம்மா நகையை அடகு வைக்கக் கொடுத்துதான் முதல் ரெக்கார்டர் வந்துச்சு. 1992-ல ‘ரோஜா’ பூத்தது அந்தப் பஞ்சதன்லதான். பின்னால அவர் கம்ப்யூட்டருக்கு நகர்ந்துட்டார். ஆனா ஆரம்பம் ஒரு வீட்டு அறையும் ஒரு ரெக்கார்டரும்தான்.

துரு செய்யுற மாயம்

டேப்னா என்ன? பிளாஸ்டிக் ரிப்பன் மேல இரும்பு ஆக்சைடு, அதாவது ஒருவகைத் துருப்பொடி பூசியிருக்கும். சத்தம் மின்சாரமா மாறி, அந்தப் பொடியைக் காந்தமாக்கும். சத்தம் கூடக்கூட பொடி ஒரு கட்டத்துல ‘போதும்ப்பா’னு மெதுவா நிறைஞ்சு, உச்சியை மழுங்க விடும். உடுக்கை அடி காதைக் கிழிக்காம ‘கும்’முனு விழுறது அதனாலதான். டிஜிட்டல்ல அளவு தாண்டினா உச்சி அப்படியே வெட்டுப்பட்டு கரகரக்கும்.

டேப்புக்கும் வியாதி உண்டு. ‘ஸ்ஸ்ஸ்...’னு ஒரு இரைச்சல். அதுக்கு மருந்து தந்த ரே டால்பி, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகரா இந்தியாவுலதான் இருந்தார். இரைச்சலைக் குறைக்கிற ஐடியா அவருக்கு இங்க இருக்கும்போதுதான் தோணுச்சு!

எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம், டேப்ல அழிச்சு அழிச்சுத் திருத்துறது அவ்வளவு சுலபம் இல்ல. நாலு டிராக்தான், பாடினா ஒழுங்காப் பாடணும். அதனால பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இருபது தடவை பாடிப் பழகுவீங்க. போன்ல நாப்பது டேக் எடுத்துட்டு எதுவுமே பிடிக்காம டெலீட் பண்றவங்களுக்கு, இது நல்ல வைத்தியம்.

செட்டப் எப்படி?

* ரெக்கார்டிங் அளவைக் கையால கூட்டிக் குறைக்கிற டெக்கா பாருங்க. டூ-இன்-ஒன் பலதும் அளவைத் தானே மாத்திக்கும். குடத்துல ஒரு தட்டு தட்டினா பாடுறவர் குரல் அமுங்கிடும்.
* பாட்டு அலையடிக்குதா? பெரும்பாலும் உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட காட்டுங்க. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால மெதுவாத் துடைங்க.
* நாலு டிராக் மெஷின் கிடைக்கலையா? ரெண்டு டெக், ஒரு சின்ன மிக்சர் போதும். முதல்ல பதிஞ்ச தாளத்தை ஓடவிட்டு, கூடவே பாடி, ரெண்டையும் சேர்த்து ரெண்டாவது டெக்ல இறக்குங்க. மூணு தடவைக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் ஏறி, கடைசியில குற்றாலச் சாரல்தான் கேக்கும்.
* முட்டை அட்டை ஒட்டினா வெளிச்சத்தம் நிக்காது. பத்தமடைப் பாய் அழகா இருக்கும், ஆனா மெலிசு. பஞ்சு மெத்தையும் கம்பளியும்தான் எதிரொலியை நல்லாக் குடிக்கும். ஃபேனை நிறுத்துங்க, வியர்த்தாலும் பரவாயில்ல!

ஷூ டப்பாவுக்குள்ள யாரு?

இப்ப அந்தக் கேசட் டப்பாவுக்கு வாங்க. சினிமாப் பாட்டுக்கு நடுவுல, பேனாவால ‘கொடை’னு எழுதின ஒண்ணு ரெண்டு இருக்கலாம். ஆத்தங்கரை ஊர்கள்ல சுடலைமாடன் கொடையோ இசக்கியம்மன் கொடையோ நடக்கும்போது, வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்துல டேப்ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்சவங்க உண்டு.

பாபநாசம் மலையில சொரிமுத்தையனார் கோயில்ல தெய்வமா நிக்கிற முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்குங்க. பேராசிரியர் நா.வானமாமலை 1971-ல அதைப் புத்தகமாப் பதிப்பிச்சார். வரிகள் பிழைச்சுது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வில்லுமணி குலுங்க, அண்ணாவி எந்த இடத்துல குரலை உடைச்சார், குடம் எங்க வேகம் பிடிச்சுதுங்கிறதை எந்த அச்சும் பிடிச்சு வைக்காது. ஒவ்வொரு அண்ணாவிக்கும் ஒரு பாணி. அவர் போனதுக்கப்புறம் அந்தப் பாணி மிச்சமிருக்கிற ஒரே இடம், பூஞ்சை ஏறிட்டிருக்கிற உங்க வீட்டு ஷூ டப்பாவா இருக்கலாம். நாட்டார் வழக்காற்றியலுக்குன்னே பாளை தூய சவேரியார் கல்லூரியில தனித் துறை உருவான ஊர் இது. இதோட மதிப்பை நமக்கு வேற யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அதனால ஸ்டூடியோ ரெடியானதும் முதல் வேலை உங்க ஆல்பம் இல்ல. கேசட்டோட மேல் விளிம்புல இருக்கிற குட்டிப் பிளாஸ்டிக் தகட்டை உடைங்க. அப்புறம் யாரும் மேல பதிய முடியாது. வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா ஓட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துச் சுத்தம் பண்ணுங்க. நல்லா இருந்தா ஒரு தடவை முழுசா ஓட்டித் திருப்பிட்டு, டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு ‘வேவ்’ ஃபைலா சேமிங்க. எந்த ஊர், எந்த வருஷம், யார் பாடினதுனு தாத்தாகிட்ட கேட்டு எழுதி வைங்க. பாடினவங்களோ குடும்பத்தாரோ இருந்தா, அனுமதி வாங்கிட்டு ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுங்க.

ரெண்டாவது வேலை, இன்னிக்குப் பாடிக்கிட்டிருக்கிற ஒரு வில்லுக் குழுவை வீட்டுக்குக் கூப்பிட்டு, பேசின சம்பளத்தைக் கொடுத்து, உட்கார வைக்கிறது. அண்ணாவிக்குப் பக்கத்துல ஒரு மைக். குடத்துக்கும் வில்லுமணிக்கும் சேர்த்துக் கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அளவு காட்டுற முள் லேசா சிவப்பைத் தொட்டுட்டு வரட்டும், பயப்படாதீங்க.

அப்புறம் ஒரு விஷயம் மக்கா... டேப்ல பதியணும்னா ரெக்கார்டு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அழுத்தணும். மறந்துடாதீங்க!