மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்

சோறு சமைக்கும் குக்கரை மாணவர்கள் யாவரும் அறிவர். அதன் மூடி நீராவி கசியாதவாறு இறுகப் பொருந்துகிறது. ஆவி தணிந்தபின் எளிதில் திறந்துகொள்கிறது. உள்ளழுத்தம் எல்லை கடந்தால் காப்பு வால்வு வழிவிடுகிறது. இறுக மூடுதல், வேண்டும்போது திறத்தல், ஆபத்தில் வழிவிடுதல் ஆகிய இம்மூன்று கடமைகளும் மின்சார ஊர்தியின் பேட்டரிப் பெட்டிக்கும் உரியனவே.

பெட்டிக்குள் நீர் புகுந்தால் யாது நேரும்? மின்முனைகளிடையே குறுக்கு மின்னோட்டம் உண்டாகும், உலோகம் அரிபடும், லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆதலின் காப்பின் அளவைக் குறிக்கப் பன்னாட்டுக் குறியீடு ஒன்று உண்டு. ஐ.பி. 67 என்பதில் 6 என்னும் இலக்கம் தூசி அறவே புகாமையையும், 7 என்னும் இலக்கம் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினும் கேடு விளையாமையையும் காட்டும்.

ஊர்தி நீரில் மூழ்கப் போவதில்லையே, இத்துணைக் காப்பு எதற்கு என நீங்கள் வினவலாம். வெயிலில் நின்ற பெட்டி 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, விரிந்த காற்றில் ஒரு பகுதி கசிந்து வெளியேறிவிட்டது எனக் கொள்வோம். திடீரென மழை பெய்து வெப்பம் 27 டிகிரிக்கு இறங்குகிறது. தனி வெப்பநிலையில் இது 333-லிருந்து 300 ஆகும். அதே விகிதத்தில் உள்ளழுத்தமும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு ஈடாதலின், இக்குறைவு 1 மீட்டர் ஆழத்தில் அமிழ்ந்ததற்கு நிகர். மூடியின் மேல் நிற்கும் மழைநீரைப் பெட்டி உறிஞ்சிவிடும் அன்றோ! இதனைத் தடுக்க, காற்றை விட்டு நீர்த்துளியை விடாத நுண்துளைச் சவ்வு ஒன்றைப் பொருத்துகின்றனர். மின்கலம் பழுதுற்று வாயு பெருகினால் வெளியேற்றத் தனி வால்வும் உண்டு.

இனி மூடியின் விளிம்பைக் காண்போம். பசையால் ஒட்டிவிட்டால் நீர் புகாது. ஆனால் ஒரு கலம் கெட்டாலும் பெட்டி முழுவதும் வீணாகக் கூடும். கத்தியால் நெம்பித் திறக்க முயன்றால் கலம் கிழிந்து தீப்பற்றலாம். ஆகவே வாய்க்கால் போன்ற பள்ளத்தில் ரப்பர் வளையத்தை அமைத்துத் திருகாணிகளால் மூடியை இறுக்குவதே சிறந்த முறை. ரப்பர் அமுக்கினால் வடிவம் மாறுமேயன்றிக் கன அளவு குறையாது. எனவே பக்கவாட்டில் பிதுங்கப் பள்ளத்தில் இடம் வேண்டும். திருகாணிகள் தொலைவாக அமைந்தால் இடையில் மூடி வளைந்து இடைவெளி தோன்றும். எதிரெதிர் மூலைகளாக, பல சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்குதல் நன்று. மூடியைத் திறக்கும்போது பழைய வளையத்தை நீக்கிப் புதியது இடுதல் அறிவுடைமை.

வளையத்தின் மீள்தன்மையே காப்பின் உயிர்நாடி. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் அழிந்து எழுவர் உயிரிழந்தனர். கடுங்குளிரில் விறைத்த ரப்பர் வளையம் உரிய நேரத்தில் விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை என்பது விசாரணையில் புலனாயிற்று.

திறக்கும் வசதியும் நீர்க்காப்பும் ஒருங்கே அமையா என்பார் உளர். 2014-இல் வெளிவந்த சாம்சங் காலக்ஸி எஸ்5 கைபேசி, கையால் கழற்றும் பின்மூடியுடன் ஐ.பி. 67 தகுதியும் பெற்றிருந்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி 18 முதல் பயன்படுத்துவோரே மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. ஊர்திப் பேட்டரியோ உயர் மின்னழுத்தமுடையது. பயிற்சி பெற்றவரே அதனைத் திறத்தல் வேண்டும்.

நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் ஒரு பெட்டியை வரையும்போது, அதனை மூடும் கையோடு, பல்லாண்டு கழித்துப் பழுதுபார்க்கத் திறக்கும் கையையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கைக்கு ஊறு நேராமல் காப்பதும் உங்கள் கடமையே.