வயிற்றில் ஒரு கட்டி!

சகோதரிகளே, தீபாவளிக்கு நீங்கள் கொளுத்தும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தயாராவது. அங்கே அச்சங்குளம் என்று ஒரு கிராமம் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அவ்வூர்ப் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். வெடிக்கும் ஆபத்தை அந்தப் பெண்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தமில்லாமல் வளரும் ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர்களுக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே வெடிக்குத் திரி வைக்கும் ஒரு பெண்ணுக்கு வயிறு சற்றுப் பருத்து வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "மூன்று பிள்ளை பெற்ற வயிறு, சதை போட்டிருக்கிறது" என்பாள் மாமியார். "வாயுதான், பூண்டு சாப்பிடு" என்பாள் மதினி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். சேலைக் கொசுவம் எல்லாவற்றையும் மறைத்து விடுகிறது. பட்டணத்துப் பெண்களும் இப்படித்தானே நாளைக் கடத்துகிறார்கள்?

வயிற்றுக்குள் இடம் அதிகம். ஆகையால் சில கட்டிகள் தேங்காய் அளவு வளரும் வரையில் வலிக்காமலே இருக்கும். வலி இல்லையே என்று சும்மா இருந்து விடக் கூடாது.

உள்ளே இருப்பது என்ன?

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாகத் தெரியும். மெல்லிய சதைப் பகுதிகளோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வழி கண்டவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கில எஞ்சினீயர். இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் அவருடைய யந்திரத்தில் முதன்முதலாகப் படுத்த நோயாளி ஒரு பெண்மணிதான். அவர் மூளையில் இருந்த கட்டியை அது காட்டிக் கொடுத்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதல்லவா? கத்தியே இல்லாமல் உடலை அப்படிக் காட்டுவதுதான் சி.டி. ஸ்கேன். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு ஏறக்குறைய மைனஸ் 100, தசைக்கு 50-ஐ ஒட்டி, எலும்புக்குப் பல நூறு. கைக்கு ஒரே மாதிரி தட்டுப்படும் கட்டிகளில் எது நீர், எது கொழுப்பு, எது சதை என்று டாக்டர் பெரும்பாலும் இதைக் கொண்டே பிரித்து விடுவார்.

சினைப்பையில் டெர்மாய்டு என்று ஒரு கட்டி வரும். அதற்குள் கொழுப்பும் தலைமயிரும், சில சமயம் பல்லும் இருக்கும்! பயப்படாதீர்கள்; பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை.

ஸ்கேனின்போது அயோடின் கலந்த மருந்தை ஊசி மூலம் செலுத்துவதுண்டு. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவி அடங்கும். கட்டிக்கு ரத்த ஓட்டம் எப்படி, முக்கியமான ரத்தக் குழாயை அது சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரியும். ஆபரேஷன் செய்பவருக்கு அதுதான் வழிகாட்டி.

எப்போது வேண்டும்?

கட்டி என்றதும் சி.டி.க்கு ஓட வேண்டாம். கருப்பை, சினைப்பைக் கோளாறுகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்டு போதும். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வயிற்று சி.டி. ஒன்றில் படும் கதிரோ, இயற்கையாகச் சில ஆண்டுகளில் நம்மேல் படும் அளவு. டாக்டர் அவசியம் என்றால் தயங்காதீர்கள். நீங்களாகக் கேட்டு எடுத்துக் கொள்ளாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், சிறுநீரகக் கோளாறு, சாப்பிட்டு வரும் சர்க்கரை மாத்திரை, முன்பு ஏதாவது மருந்து ஒவ்வாமல் போனது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லி விடுங்கள். சிசேரியன் தழும்பருகே ஒரு கட்டி மாதவிலக்கின்போது வலிக்கிறதா? அதையும் கூசாமல் சொல்லுங்கள். கருப்பையின் உள்சவ்வு தழும்பில் வளர்ந்திருக்கலாம். அந்த வலியின் கணக்கு படத்தில் விழாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

சில கட்டிகளுக்கு ஸ்கேனுக்குப் பிறகும் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். எதில் ஊசி போடலாம், எதில் கூடாது என்பதையும் ஸ்கேனைப் பார்த்தே தீர்மானிப்பார்கள்.

விருதுநகரிலேயே 2022 ஜனவரி 12-ஆம் தேதி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எதற்கும் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று அச்சங்குளத்துப் பெண் மலைக்க வேண்டியதில்லை. நகரத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னும் சுலபம். உங்கள் வயிற்றை நீங்களே தொட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ள அம்மாவையும் மாமியாரையும் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.