வயலுக்கு வரும் விலங்கை அறிதல்

காட்டோரக் கமக்காரரின் மரவள்ளியும் கதிர்ப்பருவ நெல்லும் இரவில் அழிகின்றன. அழித்தது காட்டுப்பன்றியா, முள்ளம்பன்றியா என்றறியாமல் இடும் வேலி வீண் செலவாகும். உயிருடலின் வெப்பம் அசைவதை உணர்ந்து தானே படமெடுக்கும் கமரா அதனைக் காட்டிவிடும்.

வேலிப்பொட்டுக்கு எதிரேயுள்ள மரத்தில், முழங்கால் உயரத்தில் அதனைக் கட்டுக. முன்னுள்ள புல்லை வெட்டுக. இன்றேல் காற்றில் அசையும் புல்லே படமாகும். கிழக்கையோ மேற்கையோ நோக்கி வைத்தல் ஆகாது. வெயில் படத்தைக் கெடுக்கும். திகதியையும் நேரத்தையும் சரிசெய்க.

படத்தில் முள்ளம்பன்றி காணப்படின், வேலியின் கம்பிவலையை மண்ணுள்ளும் புதைத்தல் வேண்டும். காட்டுப்பன்றியாயின், அது வரும் வழியை அடைத்து, வரும் நேரத்தில் காவலை வலுப்படுத்துக. கட்டுத்துவக்கும் சட்டவிரோத மின்கம்பியும் விலங்கையன்றி, அவ்வழியே வரும் அயலவரையும் கொல்லும். அவற்றை அறவே விலக்குதல் கமக்காரரின் கடனாகும்.