எஞ்சினை மாற்றினால் போதுமா? விசைப்படகும் புரொப்பெல்லரும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளத்தைக் காக்கும் பொருட்டு விதிக்கப்பட்டுள்ள இத்தடைக்காலமே படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் ஆகும். சென்னை காசிமேடு முதல் தூத்துக்குடி வரையிலான துறைமுகங்களில் பல படகுகள் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக் கொள்வது இந்த நாட்களில்தான். கடன் பெற்று வாங்கிய புதிய எஞ்சினைப் பழைய புரொப்பெல்லருடனேயே இணைத்துவிட்டால், செலவிட்ட தொகையின் பலன் முழுமையாகக் கிட்டாது. இதன் காரணத்தை மீனவர்களும், கடன் வழங்கும் வங்கியினரும், மீன்வளத்துறை அலுவலர்களும் அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முயற்சிக்குப் பெரும் தூண்டுதலாக அமைந்தது, 1953ஆம் ஆண்டில் கேரளத்தின் நீண்டகரையில் பணி தொடங்கிய இந்திய-நார்வே திட்டமாகும். அன்று பொருத்தப்பட்டவை சிறிய எஞ்சின்கள். அதன் பின்னர் எஞ்சின்களின் திறன் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. ஆயினும் எஞ்சினின் திறனை நீரில் உந்துவிசையாக மாற்றித் தருவது அன்றும் இன்றும் புரொப்பெல்லர் ஒன்றே.

இரண்டு அளவுகள்

புரொப்பெல்லரின் மீது பொறிக்கப்பட்டுள்ள 24 × 18 போன்ற எண்களில் முதலாவது அதன் விட்டம், இரண்டாவது 'பிட்ச்'. இரண்டும் அங்குலக் கணக்கில் அமைந்தவை. மரத்தில் திருகாணி ஏறுவது போல, வழுக்கல் ஏதுமின்றி ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தொலைவே பிட்ச். 18 அங்குல பிட்ச் உள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால் 900 அடி முன்னேற வேண்டும். இது மணிக்கு ஏறத்தாழ 9 கடல் மைல். நீர் திடப்பொருள் அன்று. ஆதலால் படகு 7 கடல் மைல் வேகத்திலேயே செல்லக்கூடும். இடைப்பட்ட வேறுபாடு 'சறுக்கல்' எனப்படும். ஓரளவு சறுக்கல் இயல்பானதே.

புரொப்பெல்லர் எஞ்சினின் வேகத்தில் சுழல்வதில்லை. இடையிலுள்ள கியர்பாக்ஸ் அவ்வேகத்தைக் குறைத்துத் தருகிறது. எஞ்சினை மாற்றும்போது கியர்பாக்ஸும் மாறிவிடுவதுண்டு. சிக்கல் பெரும்பாலும் இங்குதான் தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு படகில் 1,800 சுற்றில் 60 குதிரைத் திறன் தரும் எஞ்சினும், வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் கியர்பாக்ஸும் இருந்தன எனக் கொள்வோம். புரொப்பெல்லர் 600 சுற்று சுழன்று எஞ்சினின் திறன் முழுவதையும் ஏற்றுக்கொண்டது. இப்போது அதே 1,800 சுற்றில் 110 குதிரைத் திறன் தரும் எஞ்சின், வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் கியர்பாக்ஸுடன் பொருத்தப்படுகிறது, புரொப்பெல்லர் பழையதே. அது இனி 900 சுற்று சுழல வேண்டும். சுழலும் வேகம் ஒன்றரை மடங்கானால் தேவைப்படும் திறன் மூன்று மடங்குக்கும் மேலாக உயரும். அதாவது 200 குதிரைத் திறன். 110 குதிரைத் திறன் எஞ்சினால் அது இயலாது. முழு விசை கொடுத்தாலும் எஞ்சின் 1,300 சுற்றளவில் திணறி நின்றுவிடும். ஏறத்தாழ 80 குதிரைத் திறனே கிடைக்கும். கரும்புகை, மிகுந்த வெப்பம், வால்வுகளின் விரைவான தேய்மானம் ஆகியவை தொடரும்.

இதற்கு மாறாக, பழைய விகிதத்திலேயே கியர்பாக்ஸ் அமைந்தால் புரொப்பெல்லர் முன்போலவே 600 சுற்று சுழலும். முன்போலவே 60 குதிரைத் திறனை மட்டும் ஏற்கும். எஞ்சினுக்குத் தீங்கு நேராது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய எஞ்சியுள்ள 50 குதிரைத் திறன் பயன்படாமல் கிடக்கும். ஆகவே, ஒரே புரொப்பெல்லர் ஒரு கியர்பாக்ஸுக்கு மிகையாகவும் மற்றொன்றுக்குக் குறையாகவும் அமைகிறது.

தேர்வு செய்யும் முறை

பெரிய விட்டமுடைய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுவதே சிக்கனமானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் செயற்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1980களில் வெளியிட்ட ஆய்வுரையிலும் இந்நெறி இடம் பெற்றது. எனினும் படகின் பின்புறத்தில் உள்ள இடம் விட்டத்துக்கு வரம்பு கட்டுகிறது. இறக்கையின் நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையே விட்டத்தில் 15 சதவீதமேனும் இடைவெளி இருப்பது நல்லது. இல்லையேல் அதிர்வு மிகும். எனவே முதலில் பொருந்தக்கூடிய விட்டத்தை அளந்து, அதற்கேற்ற கியர் விகிதத்தை எஞ்சின் வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். பிட்ச்சை இறுதியாகத் தீர்மானிக்கலாம். விட்டத்தில் ஓர் அங்குலம் கூட்டுவது, பிட்ச்சில் இரண்டு முதல் மூன்று அங்குலம் கூட்டுவதற்கு ஈடான சுமையை எஞ்சினுக்கு அளிக்கும்.

சுழலும் திசையையும் சரிபார்க்க வேண்டும். புதிய கியர்பாக்ஸ் எதிர்த்திசையில் சுழற்றினால் பழைய புரொப்பெல்லர் உதவாது. திறன் கூடும்போது ஷாப்ட்டின் தடிமனும் போதுமானதா என்று பார்க்க வேண்டும்.

படகின் தொழிலும் கருதத்தக்கது. செவுள் வலைப் படகு மீன்பிடி இடத்துக்கு விரைந்து சென்று திரும்பினால் போதும். இழுவலைப் படகோ மணிக்கு 3 கடல் மைல் அளவிலான வேகத்தில் வலையைப் பல மணி நேரம் இழுக்கிறது. இதற்குக் குறைந்த பிட்ச் ஏற்றது.

இறுதிச் சோதனை கடலில்தான் நடைபெற வேண்டும். வழக்கமான பாரத்துடன், ஆழமான அமைதியான நீரில், முழு விசையில் படகைச் செலுத்திச் சுற்றுமானியைப் பார்க்க வேண்டும். இழுவலைப் படகாயின் வலையை இழுத்தும் பார்க்க வேண்டும். எஞ்சின் தன் நிர்ணயித்த சுற்றை எட்டினால் பொருத்தம் சரி. எட்டாவிடில் புரொப்பெல்லர் மிகை. எளிதில் எட்டி, மேலும் உயர முற்பட்டால் குறை.

பொருளாதாரம்

டீசல் எஞ்சின் 100 குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் எரிபொருளை உட்கொள்ளும். பொருந்தாத புரொப்பெல்லரால் இதில் 10 சதவீதம் வீணாவதாகவும், படகு நாளொன்றுக்கு 12 மணி நேரமாக ஆண்டில் 200 நாட்கள் இயங்குவதாகவும் வைத்துக்கொண்டால், இழப்பு 4,800 லிட்டர். லிட்டர் 75 ரூபாய் எனக் கணக்கிட்டால் 3,60,000 ரூபாய். புரொப்பெல்லரின் விலை ஒருமுறைச் செலவு. இவ்விழப்போ ஆண்டுதோறும் தொடர்வது.

இவ்விழப்பு உரிமையாளரை மட்டும் சார்ந்ததன்று. பல துறைமுகங்களில் மீன் விற்ற தொகையில் டீசல், பனிக்கட்டி, உணவுச் செலவுகளைக் கழித்த பின்னரே உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு பிரித்துக் கொள்கின்றனர். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் பங்கில்லாத தொழிலாளியின் கூலியிலும் இது கை வைக்கிறது. மீனவர்களுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்கப்படுவதால் அரசின் வருவாயும் இதில் அடங்கியுள்ளது.

ஆகவே எஞ்சினுக்குக் கடனோ மானியமோ அனுமதிக்கும்போது, கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஆகியவற்றின் செலவையும் மதிப்பீட்டில் சேர்ப்பதும், கடற்சோதனையின் குறிப்பைக் கேட்டுப் பெற்ற பின்னரே இறுதித் தவணையை விடுவிப்பதும் பயனளிக்கும். 1957 முதல் கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் போன்ற நிறுவனங்களின் அறிவுரை, படகுத்துறையில் பணியாற்றும் மெக்கானிக்கைச் சென்றடைய வேண்டும். தடைக்காலம் முடிந்து படகு கடலில் இறங்குவதற்கு முன் ஒருநாள் சோதனைக்கு ஒதுக்குவது, ஆண்டு முழுவதற்கும் நன்மை தரும்.